மூன்று ஏக்கர் நிலமும் ஒரு பசுவும்

1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. லண்டன் மாநகரில் கென்சிங்டன் என்ற பகுதியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 27. பெண்ணின் பெயர் பிரான்சஸ்.

கல்யாணம் முடிந்ததும் தம்பதிகள் ரெயில் ஏற வேண்டும். பெட்டிகள் எல்லாம் முன்னதாகவே போய்விட்டன. ஆனால் மாப்பிள்ளை நேராக ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வழியில் இரண்டு கடைகளில் நுழைந்தார். ஒரு கடையில் ஒரு தம்ளர் பால் வாங்கிக் குடித்தார். இன்னொரு கடையில் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கினார். இதற்குள் ரெயில் போயே போய்விட்டது!

கல்யாண நாளில் துப்பாக்கி எதற்கு? போகிற ஊரில் கொள்ளைக்காரர்கள் வந்தால் மனைவியைக் காப்பாற்ற வேண்டாமா என்பது அவர் சொன்ன காரணம். பால் எதற்கு? சின்ன வயதில் அவருடைய தாயார் அவரைக் கைபிடித்து அழைத்துப் போய்ப் பால் வாங்கிக் கொடுத்த கடை அது. வெள்ளைப் பசு அந்தக் கடையின் அடையாளம். புது வாழ்க்கை தொடங்கும் நாளில் பழைய வீட்டின் பாலை ஒரு வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த மாப்பிள்ளைதான் ஜி. கே. செஸ்டர்டன்.

துப்பறியும் கதைகளில் பிரியம் உள்ளவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பாதர் பிரவுன் என்ற பாதிரியாரைத் துப்பறிகிறவராக வைத்துக் கதைகள் எழுதியவர் அவர்தான். ஆனால் அவர் கதாசிரியர் மட்டும் அல்ல. ஏழைக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வீடும், ஒரு துண்டு நிலமும் இருக்க வேண்டும் என்பதற்காக 30 ஆண்டுக்கு மேல் எழுதினார். அதற்காகத் தன் கட்சியை விட்டார். பணத்தை விட்டார். உடம்பையும் கெடுத்துக்கொண்டார்.

பொம்மை நாடகம்

செஸ்டர்டன் 1874-ஆம் ஆண்டு மே 29-ந் தேதி பிறந்தார். கில்பர்ட் என்பது அவர் பெயர். தந்தை எட்வர்டு. வீடுகளையும் மனைகளையும் விற்றுக் கொடுப்பதும், வாடகைக்கு அமர்த்திக் கொடுப்பதும் குடும்பத் தொழில். தந்தைக்கு உடல் நலம் சரியில்லை. ஆகவே அவர் தொழிலைக் குறைத்துக்கொண்டு பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்.

வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. படம் வரைவார். அட்டையை வெட்டிப் பொம்மை நாடக மேடை கட்டுவார். கோட்டையும் பாலமும் செய்வார். ஒரு வாலிபன் கையில் பெரிய தங்கச் சாவியுடன் பாலத்தைக் கடந்து போகிறான். அட்டையில் வெட்டிய அந்த வாலிபன்தான் தம் கண்ணில் முதன்முதலில் பதிந்த காட்சி என்று செஸ்டர்டன் பிற்காலத்தில் எழுதினார்.

வெளியே எவ்வளவோ சட்டம், எவ்வளவோ முதலாளிகள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால்தான் சாதாரண மனிதன் ராஜா. இந்த எண்ணத்தைத் தந்தையின் பொம்மை மேடையில் இருந்துதான் அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கில்பர்ட்டுக்கு 5 வயதாகும்போது தம்பி செசில் பிறந்தார். தம்பிக்கு நன்றாகப் பேச்சு வந்த நாள் முதல் இருவருக்கும் ஒரே வாக்குவாதம். சாப்பாட்டு மேஜையில் விவாதம். மாடிப்படியில் விவாதம். ஆனால் ஒரு நாளும் சண்டை போட்டது இல்லை. இந்தத் தம்பியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கில்பர்ட் மந்தமான பையன் என்று பெயர் எடுத்தார். எழுதப் படிக்கக் கற்றதே தாமதம். பிறகு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஒரு புத்தகக் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து, மற்றவர்கள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார். இரவில் பத்திரிகைகளுக்கு எழுதினார். சில ஆண்டுகளிலேயே லண்டனில் அவரைத் தெரியாத ஆள் இல்லை.

எழுத்து மட்டும் அல்ல, ஆளும் அப்படி. ஆறடிக்கு மேல் உயரம். மலை போன்ற உடம்பு. தோளில் அகலமான போர்வை அங்கி. கையில் உள்ளே கத்தி மறைத்த கைத்தடி. மறதியோ சொல்லி முடியாது. ஒரு முறை கூட்டத்தில் பேசுவதற்காக வெளியூர் புறப்பட்டவர், வழியில் ஏதோ ஒரு ஊரில் இறங்கி, தாம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்டு மனைவிக்கே தந்தி கொடுத்தாராம்! வீட்டுக்குத் திரும்பி வரும்படி அந்த அம்மாள் பதில் தந்தி கொடுத்தாள்.

சின்னத் தெருவின் பக்கம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று கன்சர்வேடிவ் கட்சி. அது பிரபுக்களும் நிலச்சுவான்தார்களும் நிறைந்த கட்சி. மற்றொன்று லிபரல் கட்சி. பேச்சுரிமை, வாணிப உரிமை, தனி மனிதனின் சுதந்திரம் என்று முழங்கிய கட்சி அது. செஸ்டர்டன் குடும்பம் பரம்பரையாக லிபரல் குடும்பம். அவரும் லிபரலாகவே வளர்ந்தார்.

1899-ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. போயர்கள் டச்சுக்காரர் வம்சத்தில் வந்த குடியானவர்கள். அவர்களுடைய சிறிய குடியரசுகளை விழுங்க ஆங்கில சாம்ராஜ்யம் படை அனுப்பியது. லண்டன் முழுவதும் கொடியும் கோஷமும்தான். செஸ்டர்டனோ அந்த யுத்தத்தை எதிர்த்து எழுதினார். தேசபக்தி இல்லாதவர் என்று ஏசினார்கள். தம் நாட்டை நேசிப்பதால்தான் மற்றவனுடைய நாட்டைப் பறிக்கக் கூடாது என்கிறேன் என்று அவர் வாதாடினார்.

1904-ஆம் ஆண்டில் ஒரு நாவல் எழுதினார். லண்டனில் நாட்டிங் ஹில் என்ற பகுதி உண்டு. அங்கே ஒரு சின்னத் தெரு. அந்தத் தெருவை இடித்துப் பெரிய சாலை போட வியாபாரிகள் திட்டம் போடுகிறார்கள். தெருவாசிகள் வாள் எடுத்துப் போர் செய்கிறார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மளிகைக் கடை, மருந்துக் கடை, பொம்மைக் கடை உள்ள ஒரு சின்னத் தெருவுக்காக ஒருவன் உயிரையும் கொடுக்கலாம் என்பதை அவர் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை.

லிபரல் கட்சியோடு அவருக்கு முதல் மனஸ்தாபம் இங்கேதான் தொடங்கியது. அந்தக் கட்சியில் பலருக்குப் பழையது எல்லாம் மூடத்தனம், புதியது எல்லாம் முன்னேற்றம். செஸ்டர்டன் அதை ஒப்பவில்லை. சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. ஒருவன் வருகிறான். இது எதற்கு என்று தெரியவில்லை, பிடுங்கி எறி என்கிறான். இல்லை, எதற்கு என்று முதலில் தெரிந்துகொண்டு வா, பிறகு பிடுங்கலாமா கூடாதா என்று பார்ப்போம் என்பது செஸ்டர்டனின் வாதம். செத்துப் போன முன்னோர்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு, அவர்கள் செத்துவிட்டார்கள் என்பதற்காக அந்த ஓட்டைப் பறிக்கக் கூடாது என்றும் அவர் எழுதினார். பழக்கவழக்கம் என்பது அந்த ஓட்டுத்தானாம்.

இதைப் பார்த்து அவரைப் பழமைவாதி என்றார்கள். பழமைவாதி என்பது சரியே. ஆனால் பழமையின் பெயர் சொல்லும் கன்சர்வேடிவ் கட்சியை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பணக்காரனுடைய பழைய தவறுகளைக் காப்பாற்றுவதே அந்தக் கட்சியின் வேலை என்று நினைத்தார்.

சிவப்பு முடி

1910-ஆம் ஆண்டில் வெளிவந்தது, உலகில் என்ன கோளாறு என்பதை ஆராயும் அவருடைய புத்தகம். அதில் ஜோன்ஸ் என்ற சாதாரண மனிதனைப் பற்றிச் சொல்கிறார். ஜோன்சுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தனக்கென்று ஒரு வீடு. அதில் மனைவி மக்களுடன் இருக்க வேண்டும். ஆனால் முதலாளி வந்து அவனைச் சந்துக்குள் தள்ளுகிறான். சீர்திருத்தக்காரன் வந்து பல அடுக்குக் கட்டடத்தில் ஒரு அறையைக் காட்டி, இதுதான் விஞ்ஞானம் என்கிறான். இருவரும் மேடையில் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஜோன்சுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை!

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு சிறுமி வருகிறாள். அக்காலத்தில் லண்டன் ஏழைப் பிள்ளைகளின் தலையில் பேன் இருந்தது. ஆகவே ஏழைச் சிறுமிகளின் முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்று சில வைத்தியர்களும் அதிகாரிகளும் யோசனை சொன்னார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது.

செஸ்டர்டனுக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. பணக்காரர் வீட்டுப் பெண்ணின் முடியில் கை வைக்க எந்த அதிகாரிக்காவது தைரியம் உண்டா என்று கேட்டார். பேன் எதனால் வந்தது? சந்தில் காற்று இல்லை, தண்ணீர் இல்லை. தாய்க்குப் பிள்ளையின் தலையை வாரிவிட நேரம் இல்லை. வேலை முடிந்து வரும்போதே அவள் களைத்துப் போகிறாள். ஆகவே தப்பு சந்தின் மேல். சந்துக்கு வாடகை வாங்குகிற சீமானின் மேல். அதை விட்டுவிட்டுக் குழந்தையின் முடியை வெட்டுவதா?

அழுக்குத் தெருவில் செம்பொன் போன்ற முடியுடன் ஒரு சிறுமி நடந்து போவதை அவர் பார்த்திருந்தார். அந்த முடியை அளவுகோலாக வைத்துக்கொண்டார். அவள் முடி சுத்தமாக, நீளமாக இருக்க வேண்டும். அதற்கு நல்ல வீடு வேண்டுமா, வீட்டைக் கட்டு. தாய்க்கு ஓய்வு வேண்டுமா, ஓய்வு கொடு. அதற்காகச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டுமா, பங்கிடு. ராஜ்யமே கவிழ வேண்டுமா, கவிழட்டும். அந்த முடி மட்டும் வெட்டப்படக் கூடாது.

அவருடைய ராஜீய சித்தாந்தம் முழுவதும் இவ்வளவுதான் என்று சொன்னாலும் தவறில்லை. மற்றவர்கள் சட்டத்தில் இருந்து தொடங்கி வீட்டுக்கு வந்தார்கள். இவர் வீட்டில் இருந்து தொடங்கிச் சட்டத்துக்குப் போனார்.

ஆனால் இதே மனிதர் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்றும் வாதாடினார். வீட்டின் ராணி எதற்கு ஓட்டுச் சாவடிக்கு வர வேண்டும் என்று கேட்டார். வீட்டைக் கட்டுவதா இடிப்பதா என்ற சட்டம் ஓட்டில்தானே பிறக்கிறது? அந்தத் தாய்க்கும் அதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை வேண்டாமா? இந்தக் கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. 1918-ல் ஒரு பகுதிப் பெண்களுக்கும், 1928-ல் ஆண்களைப் போலவே எல்லாப் பெண்களுக்கும் இங்கிலாந்து ஓட்டுரிமை கொடுத்துவிட்டது.

காந்தி படித்த கட்டுரை

1909-ஆம் ஆண்டு. மகாத்மா காந்தி அப்போது தென் ஆப்பிரிக்க இந்தியர்களின் தூதராக லண்டனில் தங்கியிருந்தார். செப்டம்பர் 18-ந் தேதி படங்கள் நிறைந்த ஒரு பெரிய வாரப் பத்திரிகையில் செஸ்டர்டனின் கட்டுரை வந்தது. இந்திய சுதந்திரம் கேட்கும் இளைஞர்களைப் பற்றிய கட்டுரை அது.

அவர்கள் சுதந்திரம் கேட்பது தப்பு என்று அவர் எழுதவில்லை. ஆனால் அவர்கள் கேட்பது எல்லாம் ஆங்கிலேயனுடைய பார்லிமெண்டு, ஆங்கிலேயனுடைய தத்துவம், ஆங்கிலேயனுடைய பத்திரிகை. இதில் இந்தியா எங்கே இருக்கிறது? எங்கள் பழைய வாழ்க்கை எங்களுக்கு வேண்டும், அதில் குறை இருந்தாலும் அது எங்கள் குறை என்று ஒரு இந்தியன் சொன்னால், அது நியாயமான பேச்சு என்றார்.

காந்தியை அந்தக் கட்டுரை உலுக்கிவிட்டது. அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதித் தம்முடைய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகைக்கு அனுப்பினார். இந்தியர்கள் இதைச் சிந்திக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். நவம்பர் 13-ந் தேதி அவர் கப்பல் ஏறினார். கப்பலிலேயே 10 நாளில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ புத்தகத்தை எழுதி முடித்தார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார்.

செஸ்டர்டன் கட்டுரையால்தான் அந்தப் புத்தகம் பிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது மிகை. காந்தி டால்ஸ்டாயையும் ரஸ்கினையும் ஏற்கெனவே படித்து ஊறியவர். ஆனால் வெள்ளைக்காரன் போக வேண்டும், அவனுடைய நாகரிகம் மட்டும் இருக்க வேண்டும் என்பது சுயராஜ்யம் அல்ல என்று அந்தப் புத்தகத்தில் வரும் வாதத்துக்கும் கட்டுரைக்கும் உள்ள உறவு, இரண்டையும் படித்தவர்களுக்குத் தெரியும். இந்தியாவுக்கு ஒரு நாளும் வராதவர், இந்தியாவைப் பற்றி அதிகம் அறியாதவர், ஒரு வாரக் கட்டுரையில் இதைச் செய்துவிட்டார்.

தம்பியின் வழக்கு

லிபரல் கட்சியோடு உறவு முழுவதும் முறிந்ததற்குக் காரணம் தம்பி செசில்.

செசிலும் ஹிலேர் பெலாக் என்ற நண்பரும் சேர்ந்து 1911-ல் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். இரண்டு கட்சிகளும் பணக்காரர்களிடம் ரகசியமாகப் பணம் வாங்கிப் பட்டங்களை விற்கின்றன என்று அதில் வெளிப்படையாக எழுதினார்கள். மறு ஆண்டு பத்திரிகை முழுவதும் செசில் கைக்கு வந்தது.

அதே 1912-ல் சாம்ராஜ்யம் முழுவதும் கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் அமைக்க, மார்க்கோனி கம்பெனியுடன் சர்க்கார் ஒப்பந்தம் பேசியது. அந்தக் கம்பெனியின் நிர்வாகி காட்பிரே ஐசக்ஸ். அவருடைய அண்ணன் ரூபஸ் ஐசக்ஸ் அப்போது சர்க்காரின் தலைமை வக்கீல், மந்திரி சபை உறுப்பினர். ரூபஸ் ஐசக்ஸ், நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் ஆகியோர் மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வாங்கியிருந்தார்கள். பார்லிமெண்டில் கேள்வி வந்தது. இங்கிலீஷ் கம்பெனியில் எங்களுக்குப் பங்கு இல்லை என்று சொன்னார்கள். அமெரிக்கக் கம்பெனியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறு ஆண்டுதான் உண்மை வெளிவந்தது. விசாரணைக் கமிட்டியில் பெரும்பான்மையாக இருந்த லிபரல் உறுப்பினர்கள் மந்திரிகள் குற்றம் செய்யவில்லை என்று முடிவு சொன்னார்கள்.

செசில் காட்பிரே ஐசக்ஸைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவர் அவதூறு வழக்குப் போட்டார். கில்பர்ட் சாட்சிக் கூண்டில் ஏறித் தம்பிக்காகப் பேசினார். 1913-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செசில் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 100 பவுன் அபராதம். ஜெயில் கிடைக்கவில்லையே என்று குடும்பம் மூச்சு விட்டது.

ரூபஸ் ஐசக்ஸ் என்ன ஆனார் தெரியுமா? அதே ஆண்டில் இங்கிலாந்தின் பிரதம நீதிபதி ஆனார். 1921-ல் ரீடிங் பிரபு என்ற பெயரில் இந்தியாவின் வைசிராயாக வந்தவர் அவர்தான். காந்தி 6 ஆண்டுத் தண்டனை பெற்றது அவருடைய ஆட்சியில்தான்.

அண்ணன் இந்த வழக்கை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. தாம் வாரம் தோறும் எழுதி வந்த ‘டெய்லி நியூஸ்’ என்ற லிபரல் நாளிதழில் இருந்து அந்த ஆண்டே விலகினார். அந்த நாளிதழின் சொந்தக்காரர் காட்பரி, கோக்கோ வியாபாரத்தில் பெரும் செல்வர். கோக்கோவைக் கேலி செய்து செஸ்டர்டன் ஒரு பாட்டு எழுதி வெளியிட்டார். பிறகு அந்த நாளிதழில் அவருக்கு என்ன வேலை?

1914-ல் உலக யுத்தம் மூண்டது. அந்த ஆண்டு முடிவில் செஸ்டர்டன் படுக்கையில் விழுந்தார். மாதக் கணக்கில் நினைவு இல்லை. 1915 ஈஸ்டர் சமயத்தில்தான் கண் விழித்தார். 1916-ல் தம்பி பட்டாளத்துக்குப் புறப்பட்டார். திரும்பி வரும் வரையில் பத்திரிகையைப் பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி திரும்பி வரவில்லை. யுத்தம் நின்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1918 டிசம்பர் 6-ந் தேதி பிரான்சில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் செசில் நோயால் இறந்தார்.

அந்தத் துக்கத்தில் அதே மாதம் அண்ணன் ரீடிங் பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கோபத்துக்குக் காரணம் மார்க்கோனி. ஆனால் கடிதம் அதோடு நிற்கவில்லை. ரீடிங் யூதர் என்பதையும் பிடித்துக்கொண்டது. ஐசக்ஸ் சகோதரர்கள் யூத குலத்தினர். செசில் பத்திரிகையிலும் யூத வெறுப்பு மலிந்து கிடந்தது. கில்பர்ட்டும் அதற்குத் தப்பவில்லை. யூதர்கள் தனி ஜாதி, அவர்களுக்கு வேறு தேசம் வேண்டும் என்று எழுதினார். யூதர் எந்தப் பதவிக்கும் வரலாம், ஆனால் அராபியர் போல் உடை உடுத்த வேண்டும் என்று 1920-ல் ஒரு புத்தகத்தில் எழுதிவைத்தார்.

1933-க்குப் பிறகு ஹிட்லர் யூதர்களை வதைத்தபோது செஸ்டர்டன் அதைக் கண்டித்தார், உண்மை. ஆனால் முன்பு எழுதியது அழியவில்லை. சந்தில் போன ஏழைச் சிறுமியின் முடிக்காக ராஜ்யமே கவிழட்டும் என்றவர், அதே லண்டனில் கிழக்குப் பகுதியில் தையல் மெஷினுக்கு முன் குனிந்து உட்கார்ந்திருந்த யூதத் தொழிலாளியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் ஒரு வீடுதானே? அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டும் என்று கத்தோலிக்கர் சிலர் கேட்டார்கள். பிஷப் 2013-ல் பூர்வாங்க விசாரணைக்கு ஏற்பாடு செய்து, 2019-ல் வேண்டாம் என்று முடிவு சொன்னார். அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த யூத விவகாரமும் ஒன்று.

யார் பிழைக்கத் தகுதி?

இன்னொரு விஷயத்தில் அவருடைய கண் மற்ற எல்லோரையும்விடக் கூர்மையாக இருந்தது. நல்ல வித்தில் பிறந்தவர்களே பிள்ளை பெற வேண்டும், மூளை வளர்ச்சி குறைந்தவர்களும் தரித்திரர்களும் பெறாமல் தடுக்க வேண்டும் என்ற கொள்கை அப்போது மேல்நாட்டில் பெரிய விஞ்ஞானமாகக் கருதப்பட்டது. லிபரல்கள், சோஷலிஸ்டுகள், வைத்தியர்கள் எல்லோரிலும் அதற்கு ஆதரவாளர் உண்டு. மூளை வளர்ச்சி குறைந்தவர்களை அடைத்து வைக்கும் சட்டம் 1913-ல் இங்கிலாந்தில் நிறைவேறியது.

செஸ்டர்டன் எதிர்த்தார். 1922-ல் இதற்காகவே ஒரு புத்தகம் வெளியிட்டார். யார் மூளைக் குறைவானவன் என்று தீர்மானிப்பது யார்? சம்பளம் போதாமல் நலிந்த தொழிலாளியைக் குறைப் பிறவி என்று முத்திரை குத்திவிட்டால், சம்பளத்தை உயர்த்த வேண்டியதில்லை அல்லவா? இதுவே அவர் கேள்வி. விஞ்ஞானம் தெரியாத பழமைவாதி என்று சிரித்தார்கள். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் கட்டாய மலடாக்கும் சட்டம் கொண்டு வந்த பிறகு சிரிப்பு அடங்கியது.

பசுவும் பஸ்ஸும்

1922-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி செஸ்டர்டன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். அவர் வசித்த பீக்கன்ஸ்பீல்டு ஊரில் அப்போது கத்தோலிக்கக் கோவில் இல்லை. ரெயில்வே ஹோட்டலை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில் சடங்கு நடந்தது. மனைவி பிரான்சஸ் உடன் சேரவில்லை. நான்கு ஆண்டு கழித்துத்தான் சேர்ந்தாள்.

தம்பியின் பத்திரிகை 1923-ல் நின்றது. இனி நிம்மதியாகக் கதை எழுதலாம் என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1925 மார்ச்சில் தம் பெயரிலேயே அதை மறுபடி தொடங்கினார். செத்துப் போன தம்பி ஒப்படைத்த பொருள் ஆயிற்றே! ஒவ்வொரு வாரமும் நஷ்டம். கையில் பணம் இல்லை என்று தெரிந்தால், உட்கார்ந்து இன்னொரு பாதர் பிரவுன் கதை எழுதுவார். கதைப் பணம் பத்திரிகைக்குப் போகும். அந்தக் கதைகள் சுமார் 50 உண்டு. பல கதைகள் பிறந்தது இப்படித்தான்.

1926-ல் அவரைத் தலைவராகக் கொண்டு ஒரு சங்கமும் தொடங்கியது. சொத்தைப் பரவலாக்குவதே அதன் கொள்கை. மூன்று ஏக்கர் நிலமும் ஒரு பசுவும் என்பது இங்கிலாந்தில் நிலச் சீர்திருத்தக்காரர்கள் ஒரு காலத்தில் எழுப்பிய பழைய கோஷம். எல்லோரும் அதைக் கேலி செய்து மறந்துவிட்டார்கள். செஸ்டர்டன் மட்டும் மறக்கவில்லை.

அவர் சொன்னதைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதலாளித்துவத்தில் சொத்து சில வியாபாரிகள் கையில் இருக்கிறது. சோஷலிசத்தில் சில அதிகாரிகள் கையில் இருக்கிறது. இரண்டிலும் சாதாரணக் குடும்பத்தின் கையில் ஒன்றும் இல்லை. கூலிக்காரன் எஜமானை மாற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். தனிச் சொத்து நல்லது என்றால் அது எல்லோருக்கும் இருக்க வேண்டும். குடியானவனுக்கு நிலம், தட்டானுக்குப் பட்டறை, கடைக்காரனுக்குக் கடை. ஒருவன் தனியாக வைத்துக்கொள்ள முடியாத பெரிய இயந்திரமா? அதில் வேலை செய்பவர்கள் கூட்டாகச் சொந்தம் கொண்டாட வேண்டும். பெரிய கடைகள் சின்னக் கடைகளை விழுங்காமல் தடுக்கச் சட்டம் வேண்டும். போப் 13-ம் லியோ 1891-ல் வெளியிட்ட நிருபத்திலும், தொழிலாளி சொத்துக்காரனாக ஆக வேண்டும் என்ற யோசனை உண்டு. அந்த நிருபம் இவர்களுக்குப் பெரிய துணை.

லண்டன் தெருக்களில் இதற்கு ஒரு சோதனை வந்தது. பெரிய பஸ் கம்பெனி ஒன்று நகரை ஆண்டுகொண்டிருந்தது. 1922 முதல் சிறு சிறு ஆட்கள் ஒன்றிரண்டு பஸ்கள் வாங்கிப் பல வர்ணம் பூசி அதற்குப் போட்டியாக ஓட்டினார்கள். கொள்ளைக்கார பஸ் என்று அவற்றுக்குப் பெயர்! செஸ்டர்டன் பத்திரிகை அந்தச் சிறு பஸ்களின் பக்கம் நின்று போராடியது. பலிக்கவில்லை. 1933-ல் பெரியதும் சிறியதும் எல்லாம் ஒரே போக்குவரத்துப் போர்டின் கீழ் அடங்கின.

சங்கமும் பெரிதாக வளரவில்லை. இயந்திரம் கூடுமா கூடாதா என்று உறுப்பினர்கள் சண்டை போட்டார்கள். கோதுமை மூட்டை சுமந்தறியாத பட்டணத்துக்காரர்கள் குடியானவன் பெருமையைப் பேசினார்கள். செஸ்டர்டனுக்கே பசுவில் பால் கறக்கத் தெரியுமா என்பது சந்தேகம்தான். யாரையும் கடிந்து பேசத் தெரியாத தலைவர் அவர். கூட்டம் கலைந்த பிறகு வீட்டுக்கு வந்து கதை எழுதுவார்.

அவர் கொள்கையை முழுவதும் கையாண்ட சர்க்கார் எதுவும் இல்லை. ஆனால் பெரிய கம்பெனியும் பெரிய சர்க்காரும் சேர்ந்து ஊரையும் குடும்பத்தையும் உலர்த்திவிட்டன என்று மனம் வெறுத்தவர்கள், அண்மைக் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவருடைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். லிபரல் யுகத்துக்கு அடுத்தது என்ன என்று கேட்கிற அவர்கள், அவரைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராகக் கருதுகிறார்கள்.

நண்பனும் எதிரியும்

அவருக்கு ஆயுள் முழுவதும் வாய்த்த எதிரி பெர்னார்ட் ஷா. ஷா சோஷலிஸ்டு. ஒல்லி. மாமிசம் தொடமாட்டார், மது தொடமாட்டார். இவரோ பருமன். இரண்டும் உண்டு. மேடைக்கு மேடை இருவரும் மோதினார்கள். 1927-ல் அவர்கள் நடத்திய விவாதத்தைக் கேட்கக் கூட்டம் மண்டபத்தில் அடங்கவில்லை. சொத்து சர்க்காருக்குப் போக வேண்டும் என்றார் ஷா. குடும்பத்துக்குப் போக வேண்டும் என்றார் செஸ்டர்டன். விவாதம் முடிந்தால் இருவரும் சிநேகிதர்கள். சின்ன வயதில் தம்பியோடு வாதாடிய பழக்கம்!

1932 முதல் ரேடியோவில் பேசினார். குரல் வீட்டுக்கு வீடு கேட்டது. ஆனால் உடம்பு ஓய்ந்துகொண்டே வந்தது. பத்திரிகையை மட்டும் விடவில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, பீக்கன்ஸ்பீல்டு வீட்டில் காலமானார். வயது 62. எழுதிய புத்தகங்கள் சுமார் 80.

குழந்தைகள் இல்லை. பிரான்சஸ் தனியாக நின்றாள். பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் கணவர் எவ்வளவு கொட்டினார் என்பது ஊர் அறிந்த சங்கதி. அப்போது அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பணத்துக்கு முடை ஏதாவது இருந்தால் தயங்காமல் தெரிவிக்கும்படி எழுதியிருந்தது. எழுதியவர் பெர்னார்ட் ஷா.